பெட்டிக்குள் போன வீணை: ஒரு தாயின் 19 மாதங்கள் (நிகழ்வு ஆய்வு)

இந்தக் குறிப்பு எதற்கு

பினாங்கில் 28 ஆண்டுகளாக வீணை சொல்லிக்கொடுத்து வருகிறேன். என்னிடம் படித்த பெண்களில் கல்யாணத்துக்குப் பிறகும் வாசித்தவர்கள் பலர் உண்டு. முதல் பிள்ளைக்குப் பிறகும் வாசித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். "பிள்ளைக்காரி ஆயிட்டா, இனிமே எங்க வீணை" என்று ஊரே சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன், அதுவும் பரிவோடுதான். 2023-இல் ஒரு மாணவியின் விஷயத்தில் அந்தப் பரிவே எவ்வளவு கெடுதல் செய்தது என்று பார்த்தேன். மற்ற ஆசிரியர்களுக்கும் வீட்டாருக்கும் பயன்படட்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவரிடம் வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

அவர் என்னிடம் சேர்ந்தது 2003 விஜயதசமியில், 11 வயதில். பல்கலைக்கழகப் படிப்புக்காக வெளியூர் போன நாலு வருஷம் விடுமுறைகளில் மட்டும் வந்தார். திரும்பி வந்து பாயான் லெபாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்தபோதும் வகுப்பை விடவில்லை. தினமும் ஒன்றரை மணி நேரம் சாதகம் (வாசிப்புப் பயிற்சி). சனிக்கிழமை காலையில் இரண்டு சிறுமிகளுக்கு ஆரம்பப் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு நவராத்திரியிலும் ஒரு மாலை, கோயிலில் 45 நிமிடம் தனியாக வாசிப்பார். கல்யாணமாகி ஆயர் ஈத்தாமில் ஒரு மூன்று அறை அடுக்குமாடி வீட்டுக்குப் போன பிறகும் இதில் மாற்றம் இல்லை. வீட்டில் கணவர், மாமியார், இவர். கணவருக்கு ஷிஃப்ட் வேலை.

வீணை வாசிக்காதவர்களுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த வாத்தியம் வாசிப்பவரின் உடம்பில் தன் அடையாளத்தை விட்டுவைக்கும். இடது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தந்தி அழுத்தி அழுத்திக் காய்ப்புக் காய்த்து, அதன் நடுவே மெல்லிய பள்ளம் விழுந்திருக்கும். இவர் வலது கையில் நகத்தால் மீட்டுபவர், அதனால் அந்தக் கையின் இரண்டு விரல்களில் மட்டும் நகம் நீண்டிருக்கும். வீணையின் சுரைக்குடுக்கை அமரும் இடம் இடது தொடை. குழந்தை அமரும் இடமும் அதுவே.

பிரசவமும் முதல் நாலு மாதங்களும்

2023 மார்ச்சில், அவருக்கு 31 வயது நடக்கும்போது, ஆபரேஷன் செய்து ஆண் குழந்தை பிறந்தது. அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் மலேசியாவில் தனியார் துறையில் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகக் கூடியிருந்தது. தகப்பன்மாருக்கும் அதே சட்டத் திருத்தத்தில்தான் முதல்முறையாக 7 நாள் விடுப்பு வந்தது. கணவர் அந்த 7 நாளையும் எடுத்தார். அதில் பாதி ஆஸ்பத்திரிக்கும் பிறப்புப் பதிவுக்கும் அலைந்ததில் போனது.

தைப்பிங்கிலிருந்து அவருடைய அம்மா வந்து 40 நாள் இருந்து பத்தியம் பார்த்தார். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவது எல்லாம் முறைப்படி நடந்தன. ஆபரேஷனுக்கு முந்தின நாளே இவர் வலது கை நகங்களை ஒட்ட வெட்டிவிட்டார். இடது கைக் காய்ப்பு இருந்தது. ஒருநாள் மாமியார், "ஒன் வெரலு புள்ள கன்னத்துல ஒரசுது பாரு, செவந்து போயிருக்கு" என்று சொன்னாராம். அன்றிரவு இவர் குளியலறையில் பாதம் தேய்க்கும் படிக்கல்லை எடுத்து, 20 வருஷக் காய்ப்பை உட்கார்ந்து தேய்த்து எடுத்திருக்கிறார். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. இதை அவர் என்னிடம் சொன்னதே ஒரு வருஷம் கழித்துத்தான்.

ஜூன் நடுவில் வேலைக்குத் திரும்பினார். காலை 7 முதல் மாலை 6 வரை குழந்தை மாமியாரிடம். வீணை பெட்டிக்குள் போய், பெட்டி படுக்கையறை ஜன்னலோரம் போய், அதன்மேல் டயப்பர் மூட்டை ஏறியது.

அந்தச் சமயத்தில் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். ஜூலையில் நவராத்திரி நிகழ்ச்சிப் பட்டியல் தயாரித்தேன். அவர் பெயரைச் சேர்க்கவில்லை. ஒரு போன் போட்டுக் கேட்கவும் இல்லை. "பாவம், தூங்கவே நேரம் இருக்காது" என்று நானே முடிவு செய்துவிட்டேன். பட்டியல் வாட்ஸ்அப் குழுவில் போனது. அவரும் அதில் இருந்தார்.

கவனித்தவை

ஜூலை கடைசியில் அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் அவருடைய முதல் பாட நோட்டு. பழுப்புத் தாள் அட்டை, மூலையில் 2003 விஜயதசமிக்கு நான் வைத்த குங்குமம் கறுத்துப்போய் இருந்தது. "டீச்சர், இத நீங்களே வச்சுக்குங்க. படிக்கிற புள்ள யாருக்காவது ஒதவும்" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரமே 11 வயது மாணவி ஒருத்திக்குக் கொடுத்தும்விட்டேன். நோட்டைத் திருப்பித் தருகிறவள் என்ன சொல்ல வருகிறாள் என்று நான் யோசிக்கவில்லை. நல்ல குணம் என்று மெச்சிக்கொண்டேன்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் ஒரு செய்தி வந்தது. வீணையை விற்கப் போகிறாராம். பட்டர்வொர்த்தில் ஒரு குடும்பம் 2,500 வெள்ளிக்கு (ரிங்கிட்) கேட்கிறதாம், வந்து ஒருமுறை பார்த்துச் சரிசெய்து தர முடியுமா என்று கேட்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாளே போனேன்.

மேற்குப் பார்த்த ஜன்னல். பிற்பகல் வெயில் நேராகப் பெட்டிமேல் விழுந்திருக்கிறது. வீணையின் 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்தும் குறுக்குக் கம்பிகள்) தேன்மெழுகும் குங்கிலியமும் கரியும் சேர்ந்த மெழுகுக் கரையில்தான் பதிந்திருக்கும். மூடிய பெட்டிக்குள் வெக்கையில் மெழுகு இளகி, மேல் ஸ்தாயி மெட்டுகள் சாய்ந்திருந்தன. சாரணித் தந்தியில் துரு. நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தந்தியாக முறுக்கிச் சுருதி சேர்த்தேன். அவர் சமையலறை வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் ஆற்றிக்கொண்டிருந்தார். நாலாவது தந்தியை மீட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "அனுமந்தரம் எறங்கி நிக்குது டீச்சர்" என்றார்.

இறங்கித்தான் இருந்தது, நூலிழை அளவு. எனக்கே இரண்டாம் முறை மீட்டிய பிறகுதான் தெரிந்தது.

"ஏம்மா விக்கிற?" என்று கேட்டேன். "எடத்த அடைக்குது டீச்சர்." கொஞ்சம் விட்டு, "யாரு வாசிக்கப் போறா?" குரலில் வருத்தம் இருந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். விலாசம் சொல்வதுபோலச் சொன்னார். அழுகை வருகிறதா, தூக்கம் எப்படி என்று விசாரித்தேன். "அழுகையெல்லாம் இல்ல. ஒண்ணும் தோண மாட்டேங்குது, அவ்வளவுதான்."

முதலில் செய்த முடிவு

இரண்டு விஷயங்களை அன்றே முடிவு செய்தோம்.

ஒன்று, இது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வா என்று தெரிந்துகொள்வது. வீணை டீச்சர் தீர்மானிக்கக்கூடிய விஷயம் அது இல்லை. குழந்தைக்கு ஊசி போட அரசாங்க கிளினிக்குக்குப் போகும் நாளில் அங்குள்ள மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) பேசச் சொன்னேன். எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் உண்டு. ஸ்காட்லாந்தில் 1987-இல் வெளியிடப்பட்டு இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. கடந்த 7 நாள் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. பொதுவாக 13-ம் அதற்கு மேலும் வந்தால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள், சில இடங்களில் 10-லிருந்தே கவனிப்பார்கள். கடைசிக் கேள்வி, தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அதற்கு ஆம் என்று பதில் வந்தால் உடனே மருத்துவரிடம் அனுப்புவார்கள். இவருக்கு 9 வந்தது, கடைசிக் கேள்விக்குப் பூச்சியம். ஒரு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். அப்போது 6.

இந்தப் படியைத் தாண்டிப் போயிருந்தால் பெரிய தவறாகியிருக்கும். மனச்சோர்வுக்கு வைத்தியம் வேண்டும். அந்த நிலையில் இருப்பவரிடம் "வீணையை எடுத்து வாசி, எல்லாம் சரியாகும்" என்று சொல்வது, நடக்க முடியாதவரை ஓடச் சொல்வதுதான்.

இரண்டாவது, மூன்று மாதம் வீணையை விற்காமல் வைத்திருப்பது. மேளம் கட்டித் தருகிறேன், அதாவது மெட்டுகளை மறுபடி பதித்துத் தருகிறேன், என்று சொல்லி என் வீட்டுக்கு எடுத்து வந்தேன். பழைய மெழுகைச் சுரண்டி, புதுசாக உருக்கி ஊற்றி, 24 மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டுப் பதிக்க இரண்டு வாரம் ஆனது. விற்பதற்கானாலும் வாசிப்பதற்கானாலும் செய்ய வேண்டிய வேலை அது. அதனால் அவரும் மறுக்கவில்லை.

தோற்றுப்போன முதல் திட்டம்

ஆகஸ்ட் இறுதியில் வீணையைத் திருப்பிக் கொடுத்தபோது நானே ஒரு திட்டமும் கொடுத்தேன். இரவு 9.30-க்குக் குழந்தை தூங்கிய பிறகு ஒரு மணி நேரம். பழைய சாதகத்தில் மூன்றில் இரண்டு பங்குதானே, முடியும் என்று நினைத்தேன்.

9 நாள் ஓடியது. அதில் 4 நாள் வீணையைத் தொட்ட பத்தாவது நிமிஷத்தில் குழந்தை எழுந்துவிட்டான். 2 நாள் வீணைமேலேயே தலை சாய்ந்து தூங்கியிருக்கிறார். மற்ற நாட்களில் வாசித்தார், ஆனால் வாசித்ததெல்லாம் காது கேட்டதற்குக் கீழே இருந்தது. அதுதான் அவரை அதிகம் வதைத்தது. காது 20 வருஷத்துக் காது, விரல் புது விரல். மெத்தென்று ஆன விரல் நுனியைத் தந்தி அறுத்தது.

இதற்கிடையில் இடது மணிக்கட்டில், கட்டைவிரல் அடியில் வலி வந்தது. சொன்னார். "கை விட்டுப்போச்சுல்ல, அதான். வாசிக்க வாசிக்கச் சரியாயிரும்" என்றேன். இந்த வாசகத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேனோ தெரியவில்லை. செப்டம்பர் மூன்றாம் வாரம் அவரால் பால் புட்டியின் மூடியைத் திறக்க முடியவில்லை.

மருத்துவர் அவரைக் கட்டைவிரலை உள்ளே மடக்கி முட்டி பிடிக்கச் சொல்லி, கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பார்த்திருக்கிறார். இவர் அலறிவிட்டார். கட்டைவிரலை விரிக்கும் தசைநார்கள் மணிக்கட்டில் ஓர் உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை வீங்கித் தடித்துப் போவதுதான் இந்த நோவு. 1895-இல் இதை விவரித்த சுவிஸ் மருத்துவர் டி கெர்வைனின் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மாருக்கு இது சகஜம். கட்டைவிரலை விரித்துக் குழந்தையின் அக்குளில் கொடுத்து ஒரு நாளைக்கு எத்தனையோ தரம் தூக்குகிறார்களே, அந்தத் தூக்கலில் வருவது. வீணையில் கமகத்துக்காகத் தந்தியை இழுக்கும்போது அழுத்தம் விழுவதும் ஏறத்தாழ அதே இடத்தில்தான். பகலெல்லாம் 8 கிலோ பிள்ளை, இரவில் நான் கொடுத்த கல்யாணி ராகம். கட்டைவிரலை அசையாமல் பிடிக்கும் பட்டை ஒன்றை நாலு வாரத்துக்கு மேல் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. குழந்தையைப் பிட்டத்தில் ஒரு கை கொடுத்து வாரி எடுக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள்.

பட்டை போட்டிருந்த நாலு வாரம்

வீணையைத் தொட முடியாத இந்தக் காலத்தில்தான் காரியம் திரும்பியது. நான் எதிர்பார்க்கவில்லை.

வாசிக்க முடியாது, பாட முடியும் என்று சொன்னேன். வீணை படிப்பவர்கள் பாடித்தான் படிக்க வேண்டும் என்பது பழைய விதி. நாளடைவில் நாங்கள் எல்லோரும் அதில் தளர்ந்துபோயிருந்தோம். மோகன வர்ணத்தை ஸ்வரமாக, இரண்டு காலத்தில் (வேகத்தில்), கையில் தாளம் போடாமல் பாடச் சொன்னேன். இதற்குத் தனி நேரம் குறிக்கவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டும்போது, சாம்பார் கொதிக்கும்போது, பாலத்துப் பக்கம் காரில் நெரிசலில் நிற்கும்போது பாடினார். ஒரு வாரம் கழித்துப் போனில் பேசும்போது அவராகவே, "முத்தாயி ஸ்வரத்துல ஒரு எடத்துல நாம இத்தன வருஷமா அவசரப்படுறோம் டீச்சர்" என்றார். ஆகஸ்டுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து குழந்தையைப் பற்றி இல்லாமல் வந்த முதல் பேச்சு அது. நாங்கள் அந்த ஒரு அடியைப் பற்றி 20 நிமிடம் வாதாடினோம்.

வீட்டாருடன் பேசியதும் இந்த நாலு வாரத்தில்தான். கணவர், மாமியார், அவர், நான் நாலு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு உட்கார்ந்தோம். மாமியார்தான் தடை என்று நான் மனதில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். "புள்ள இருக்க வேண்டிய மடியில வீணை இருக்கா?" என்று அவர் ஒருமுறை கேட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அவர் பேசியது வேறு. "டீச்சரம்மா, நான் வேணாங்கல. காலையில ஏழு மணிக்குப் புள்ளைய வாங்குறேன். எனக்கு முட்டி வலி. ஆறு மணிக்கு இவ வந்ததும் குடுத்துட்டு நிமிந்து உக்காரலாம்னு பாத்தா, இவளும் பெட்டியத் தொறந்துட்டா நான் யாருகிட்டக் குடுக்க? வெள்ளிக்கிழம கோயிலுக்குப் போயி ஆறு மாசம் ஆச்சு."

62 வயதில் அவரும் தனக்கென்று இருந்த ஒன்றை இந்தக் குழந்தைக்காக எடுத்து வைத்திருக்கிறார். அதையும் யாரும் கேட்கவில்லை.

கணவர் அதுவரை பேசாமல் இருந்தார். "தம்பி, நீங்க பிள்ளைய வச்சுக்கிட்டுத் தனியா எவ்வளவு நேரம் இருந்திருக்கீங்க?" என்று கேட்டேன். யோசித்து, "அரை மணி நேரம் இருக்கும்" என்றார். ஆறு மாதத்தில். மனமில்லாதவர் இல்லை, பழகவே வாய்க்கவில்லை. இரண்டு பெண்களும் அவர் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அன்று முடிவானவை: செவ்வாய் மாலையும் சனிக்கிழமை காலையும் குழந்தை தகப்பனிடம், தனியாக. ஷிஃப்ட் மாறினால் நாள் மாறும், கணக்கு மாறாது. வெள்ளி மாலை மாமியார் கோயிலுக்கு. இது மூன்றையும் கணவரே எழுதி குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினார். மாமியாரின் வெள்ளிக்கிழமை அதில் முதல் வரியாக இருக்க வேண்டும் என்று என் மாணவி சொன்னார். அப்படியே எழுதினார்கள்.

மறுபடி தொடங்கியது

2023 அக்டோபர் 24 விஜயதசமி. பட்டையைக் கழற்றி நாலு நாள் ஆகியிருந்தது. குழந்தையோடு வந்தார். அன்று எல்லோரும் முதல் பாடம் வாசிப்பது வழக்கம் என்பதால் அவரும் சரளி வரிசை வாசித்தார். பக்கத்தில் ஆறு வயதுப் பிள்ளைகள் அதையே வாசித்துக்கொண்டிருந்தன. நகத்துக்குப் பதில் விரலில் மாட்டும் கம்பி வளையம் கொடுத்திருந்தேன். நாதம் கொஞ்சம் கூர்மையாக வரும், அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நினைத்தால் மாட்டலாம், பிள்ளையைத் தூக்கும்போது கழற்றலாம்.

இந்தமுறை திட்டத்தை அவர்தான் போட்டார். காலை 5.40 முதல் 6.05 வரை, 25 நிமிடம். பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் இருக்கக் குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் கட்டை) அருகே தந்திகளுக்கு அடியில் ஒரு மெல்லிய துணி. வீணை பெட்டிக்குள் போகக் கூடாது. கூடத்தில் வெயில் படாத மூலையில், பாயின் மேல், பழைய வேட்டி போர்த்தி இருக்கும். பெட்டியை இறக்கி, திறந்து, எடுத்து, சுருதி சேர்த்து முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும் என்பது அவர் கணக்கு. நான் சேர்த்த விதி ஒன்றுதான்: விட்டுப்போன நாளை மறுநாள் ஈடுகட்டக் கூடாது. கடன் சேரச் சேர வாத்தியத்தின் பக்கம் போகவே பயம் வந்துவிடும்.

நவம்பரில் குழந்தை தவழ ஆரம்பித்தான். போர்வையை இழுத்தான், தாளத் தந்தியைப் பிடித்துத் தொங்கினான். வீணையை மறுபடி பெட்டிக்குள் வைக்கலாம் என்ற பேச்சு வந்தது. குழந்தை உட்கார வாங்கி வைத்திருந்த மடக்கு வேலியை என் மாணவி கூடத்து மூலையில் விரித்து, அதற்குள் வீணையை வைத்தார். தானும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். குழந்தை வெளியே. நான் ஒரு செவ்வாய்க்கிழமை போனபோது அவர் வேலிக்குள் ஜண்டை வரிசை வாசித்துக்கொண்டிருந்தார். பிள்ளை வெளியே வேலிக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு அம்மாவின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். தகப்பன் அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

2024 ஜனவரியில் குழந்தைக்குக் காய்ச்சல், அது தணிவதற்குள் 25-ஆம் தேதி தைப்பூசம், உறவுக்காரர்கள் வந்து தங்கினார்கள். 12 நாள் வீணை இல்லை. பதின்மூன்றாம் நாள் 5.40-க்கு எழுந்து விட்ட இடத்தில் தொடங்கினார். ஈடு கட்டவில்லை.

மார்ச்சிலிருந்து சனிக்கிழமை 10 மணிக்கு என் வகுப்புக்கு வர ஆரம்பித்தார். கணவர் பிள்ளையை வாட்டர்ஃபால் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப்போய், பகல் உணவுக்குள் வீடு திரும்பினார்.

விளைவு

2024 ஜூலையில் பட்டியல் தயாரிக்கும் முன் அவரைக் கூப்பிட்டு, "எத்தன நிமிஷம் வேணும் ஒனக்கு?" என்று கேட்டேன். "இருபது" என்றார். அக்டோபர் 8 மாலை, நவராத்திரியின் ஆறாம் நாள், 20 நிமிடம் வாசித்தார். மோகன வர்ணம், பிறகு கல்யாணியில் சிறிய ஆலாபனையும் தானமும். அந்த முத்தாயி ஸ்வர அடியில் நிதானித்தார். மாமியார் முதல் வரிசையில் இருந்தார்.

திரும்பி வராதவையும் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. மூன்றாம் காலம் முன்போல இல்லை. நகம் வளர்க்கவில்லை, கம்பி வளையமே நிலைத்துவிட்டது. சனிக்கிழமைச் சிறுமிகள் வேறு ஆசிரியரிடம் போய்விட்டார்கள், அது அவருக்கு இன்னும் வலிக்கிறது. 45 நிமிடத் தனிக்கச்சேரிக்கு எப்போது தயாராவார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மணிக்கட்டு வலி நீண்ட வேலைநாளுக்குப் பிறகு எட்டிப் பார்க்கிறது. அன்றைக்குப் பாடுகிறார்.

குழந்தை பிறந்ததும் ஒரு பெண்ணுக்குள் நடக்கும் இந்தப் புரட்டலை மானுடவியலாளர் டேனா ரஃபேல் 1973-இல் மேட்ரெசென்ஸ் என்று பெயரிட்டு எழுதினார். விடலைப் பருவத்தைப் போல அதுவும் ஒரு பருவம் என்பது அதன் பொருள். விடலைப் பிள்ளை தடுமாறினால் பொறுத்துக்கொள்கிறோம், இன்னும் வளர்கிறது என்று தெரியும். தாயானவள் தடுமாறினால் மட்டும் அவள் முடிந்துபோனதாக எடுத்துக்கொள்கிறோம்.

இனி மாற்றிச் செய்வது

முதலாவதும் முக்கியமானதும் பட்டியல். பிரசவமான மாணவியின் பெயரை நானாக எடுக்க மாட்டேன். கேட்பேன். "முடியாது" என்று அவள் சொல்லட்டும், அது அவள் முடிவு. நாமே அவளுக்காகச் சொல்லும்போது அவளிடம் யாரும் எதையும் எதிர்பார்க்காத நிலை வந்துவிடுகிறது. இவர் எனக்குப் பின்னால் சொன்னது: "ரெஸ்ட் எடு, ரெஸ்ட் எடுன்னு எல்லாரும் சொன்னீங்க டீச்சர். பட்டியல்ல எம் பேரு இல்லாதப்ப, சரி, எடுத்தாச்சு போலன்னு நெனச்சேன்."

வலி என்று ஒரு தாய் சொன்னால் சாதகத்தை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரிடம் அனுப்புவேன். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே பாட்டுப் பாடத்தைத் தொடங்குவேன். நகம் போனாலும் காய்ப்பு போனாலும் கையில் ஒன்று மிஞ்சி இருக்கும். வீட்டுப் பெரியவரிடம் பேசப் போனால், அவரிடமிருந்து என்ன கேட்க வேண்டும் என்ற யோசனையோடு அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்று கேட்கவும் போவேன். திட்டத்தை மாணவியே போடட்டும். ஒரு மணி நேரம் என்பது குழந்தை இல்லாத வீட்டின் அளவு.

வாத்தியத்தை வாங்கிப்போய் மேளம் கட்டியதை மட்டும் மறுபடியும் அப்படியே செய்வேன்.

நோட்டு

2024 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்து கிளம்பும்போது, "அந்தப் பழைய நோட்டு இருக்கா டீச்சர்?" என்று கேட்டார். இல்லை, கொடுத்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த வாரம் அந்தச் சிறுமி நோட்டோடு வந்து நின்றாள். திருப்பித் தந்துவிடுகிறேன் என்றாள், கண் கலங்கியிருந்தது. இவர் வாங்கவில்லை. புது நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, தன் நோட்டைப் பார்த்துத் தானே எழுத ஆரம்பித்தார். அன்றிலிருந்து வகுப்பு முடிந்ததும் 15 நிமிடம் இரண்டு பேரும் இப்படி உட்காருகிறார்கள்.

போன வாரம் நாலாவது கீதத்துக்கு வந்திருந்தார்கள். 11 வயதில் அவர் எழுதிய ஒரு வரிக்குப் பக்கத்தில், சிறுமி பென்சிலால் காகலி நிஷாதம் என்ற ஸ்வரம் ஒன்றைத் திருத்தியிருந்தாள். அவர் வீணையை எடுத்து இரண்டு விதமாகவும் வாசித்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "தப்பாத்தான் எழுதியிருக்கேன். இருபது வருஷம் யாருமே பாக்கல டீச்சர்" என்று சொல்லிவிட்டு, புது நோட்டில் சிறுமியின் திருத்தத்தை எழுதிக்கொண்டார்.